கொண்டைக்குருவி கலந்த கள்

அந்தக் காலத்தில், அதாவது பறவைக்கும் விலங்குக்கும் பேச்சு இருந்து, ஒன்று சொன்னது மற்றொன்றுக்கு விளங்கிய காலத்தில், கொண்டைக்குருவியின் உடம்பில் சிவப்பு என்பது ஒரு துளியும் கிடையாது. தலையில் கறுத்த கொண்டை இருந்தது. முதுகு பழுப்பாக இருந்தது. வாலின் அடிப்பகுதி மட்டும் சாம்பல் போல வெளுத்திருந்தது.

மலையடிவாரத்தில் ஒரு குளம். குளக்கரையில் மாந்தோப்பு. தோப்பின் தெற்கு ஓரத்தில் ஒற்றைப் பனையும், பனையை ஒட்டி ஒரு காரைப்புதரும் நின்றன. அப்புதரில் ஒரு கொண்டைக்குருவித் தம்பதி கூடு கட்டியிருந்தது. முள் அடர்ந்த இடமாதலால் பாம்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குரங்குக்கு முள் ஒரு பொருட்டல்ல. மாம்பழம் பழுக்கும் மாதங்களில் மலையிலிருந்து குரங்குக் கூட்டம் இறங்கும். வயிறு நிரம்பிய குட்டிகள் விளையாட்டுத் தேடும். புதரை உலுக்குவதும், கூட்டைப் பிய்த்துத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொள்வதும் அவற்றுக்கு விளையாட்டு. சென்ற ஆண்டு மூன்று முட்டைகள் அவ்வாறு போயின. அதற்கு முந்திய ஆண்டு இரண்டு. இவ்வாண்டும் மூன்று முட்டைகள் இட்டுப் பெண்குருவி அடைகாக்கத் தொடங்கிய ஐந்தாம் நாள், மலைச்சரிவில் குரங்குகளின் கூச்சல் கேட்டது.

அத்தோப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் வீட்டில் ஒருவர் பானம் வாங்கி, அடிவரை குடித்து, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டால், குடித்தவர் அவ்வீட்டின் எல்லைக்குள் எக்காலத்தும் தீங்கு செய்தல் கூடாது. மீறினால் தோப்பில் அவரோடு பேசுவார் இல்லை. கொடுப்பவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. விருந்தாளியின் கண்முன்னே அவரே முதலில் தம் பாத்திரத்தில் முழுவதும் குடித்துக் காட்ட வேண்டும். முகம் சுளித்தாலோ, இருமினாலோ, பாதியில் நிறுத்தினாலோ, விருந்தாளி எழுந்து போய்விடலாம். நஞ்சு கலந்து கொடுப்பதைத் தடுக்கவே இவ்விதி ஏற்பட்டது.

பெண்குருவி இவ்வழக்கத்தை நம்பி, குரங்குகளின் தலைவனான கடுவனைத் தேடிச் சென்றது. அவன் ஒரு பாறைமேல் குப்புறப் படுத்து, இரண்டு மந்திகளிடம் முதுகைப் பேன் பார்க்கக் கொடுத்திருந்தான்.

“அண்ணாச்சி, நம்ம வீட்டுக்கு ஒரு நாள் வரணும். ஒரு சிரட்டை கள்ளு குடிச்சிட்டுப் போகணும்.”

கடுவன் தலையைத் தூக்கவில்லை. “மரநாய் வீட்டுல கள்ளு. கீரி வீட்டுல கள்ளு. நேத்து வௌவால் கூப்பிட்டான், அங்கேயும் அதே கள்ளு. தலைகீழாத் தொங்கிக்கிட்டே ஊத்தினான், பாதி என் மூக்குல போச்சு. வாய் சலிச்சுப் போச்சு தங்கச்சி.”

“பழம் போட்டுக் கலந்து தாரேன்.”

“பழம் எனக்கு மரத்துலயே கிடைக்கு. அதுக்கு உன் வீட்டுக்கு வரணுமாக்கும்?” அவன் எழுந்து உட்கார்ந்தான். “கேட்டுக்கோ. இனிக்கணும், புளிக்கணும், அதுக்கு மேல நாக்குல சுருக்குன்னு ஏறணும். குடிச்ச உடனே காது மடல் சூடாகணும். அப்படி ஒண்ணு கலக்க முடியுமா உன்னால?”

“முடியும் அண்ணாச்சி.”

“அப்ப நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வாரேன். சரியில்லேன்னா ஒண்ணும் குறையில்ல. பிள்ளைகளுக்குப் புதர் இருக்கு, விளையாடிட்டுப் போகட்டும்.”

மந்திகள் சிரித்தன.

வீடு திரும்பிய குருவியிடம் கணவன் எல்லாவற்றையும் கேட்டறிந்தது.

“ஏட்டி, உனக்கு அப்படிக் கலக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“பிறகு எந்தத் தைரியத்துல முடியும்னு சொன்ன?”

“முடியாதுன்னு சொல்லியிருந்தா இன்னைக்கே வந்திருப்பான்.”

தோப்பின் வடக்கே இடிந்த மதில் ஒன்று கிடந்தது. அதன் மூலையில் ஒரேயொரு மிளகாய்ச் செடி நின்றது. மிளகாய் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தது என்பது கற்றோர் கூற்று. அதை நாம் மறுப்பதற்கில்லை. இக்கதை அது வந்து சேர்ந்த பின்னர் நடந்தது. அக்காலத்தில் மிளகாய் எல்லா உயிர்க்கும் ஒன்றுபோலவே உறைத்தது. மைனா கொத்திப் பார்த்துத் துப்பியது. ஆடு கடித்துவிட்டு ஊருக்கே ஓடியது. பழுத்துச் சிவந்து செடியடியிலேயே உதிர்ந்து கிடந்த அப்பழங்களைத் தீண்டுவார் இல்லை. நாக்கில் சுருக்கென்று ஏறக்கூடியது அப்பகுதியில் அது ஒன்றுதான் என்பதைக் குருவி அறிந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் வேலை தொடங்கியது. பனையேறி கைவிட்ட பாளை ஒன்றிலிருந்து சாறு சொட்டிக்கொண்டிருந்தது. அதன் நேர் கீழே, விளிம்பு உடைந்த பழைய கலயம் ஒன்று கிடந்தது. சுண்ணாம்பு தடவாத கலயமாதலால், விழுந்த சாறு பதநீராக நில்லாமல் நுரைத்துக் கள்ளாகிக்கொண்டிருந்தது. பக்கத்து மாமரத்தில் குடியிருந்த அணில் உதவிக்கு வந்தது. கணவன் முட்டைகளின்மேல் அமர்ந்துகொண்டு, அங்கிருந்தபடியே எல்லாவற்றுக்கும் யோசனை சொன்னது.

மிகக் கனிந்து நார் கழன்ற நாட்டு மாம்பழம் இரண்டை அணில் தோலுரித்துச் சதையை மட்டும் கலயத்தில் தள்ளியது. துவர்ப்பு வேண்டும் என்பதற்காகப் பெண்குருவி முப்பது நாவற்பழங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, கொட்டை நீக்கிப் போட்டது. ஓர் எலுமிச்சம்பழத்தை அணில் துளையிட்டு, கலயத்தின் வாயில் வைத்து அழுத்திப் பிழிந்தது. சாறு அதன் கண்ணிலும் தெறித்தது.

“கலக்குறதுக்கு ஒரு குச்சி எடுத்தாரேன் மதினி,” என்று சொல்லி அணில் ஒரு குச்சியோடு வந்தது.

“அது வேப்பங்குச்சிடா! கசந்துரும்! நாவல் குச்சி எடு!” என்று கூட்டிலிருந்து குரல் வந்தது.

“அண்ணாச்சி, நீங்க பேசாம முட்டையைப் பாருங்க,” என்றது அணில். ஆயினும் குச்சியை மாற்றிக்கொண்டது.

இறுதியாக மிளகாய். பெண்குருவி ஒரு பழத்தை விதையோடு கீறிப் போட்டுக் கலக்கி, நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தது. உறைக்கவில்லை. இன்னும் இரண்டு போட்டது. கள்ளின் புளிப்பும் மாம்பழத்தின் இனிப்புமே முன்னின்றன. மேலும் மூன்று போட்டது.

“போதும் மதினி,” என்றது அணில்.

“காது மடல் சூடாகணும்னு சொல்லியிருக்கான். உன் காது சூடாச்சா?”

அணில் ஒரு சொட்டு நக்கித் தன் காதைத் தொட்டுப் பார்த்தது. “இல்ல.”

ஆகவே மேலும் ஐந்து விழுந்தன. ஆகப் பதினொன்று. அப்போதும் இலேசான எரிச்சலே இருந்தது. இந்த அளவே சரி என்று முடிவு செய்து, தேக்கிலையால் கலயத்தை மூடி வைத்தார்கள்.

தவறு அங்கேதான் நிகழ்ந்தது. மிளகாயின் காரம் போட்டவுடன் இறங்குவதன்று. கள் பொங்கப் பொங்க, அது விதையிலும் நரம்பிலும் ஒளிந்திருக்கும் காரத்தைத் தேடிப் பிடித்து இழுக்கும். வெயில் ஏற ஏற, இழுப்பும் ஏறும். அதுவரை அத்தோப்பில் யாரும் மிளகாயைக் கள்ளில் ஊறப்போட்டதில்லை என்பதால் இதனை அறிந்தவரும் இல்லை.

உச்சி சாய்ந்த பின் அணில் இலையை விலக்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்தது. பனையில் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. பிறகு மண்ணில் நாக்கைத் தேய்த்தது.

“என்னடா?” என்றது பெண்குருவி.

“நெருப்பு, மதினி. சத்தியமா நெருப்பு. கொட்டிருங்க.”

கொட்டினால் வேறு கள் இல்லை. பாளை சொட்டுவது மறுநாள் காலையில்தான். இருந்த ஒரு மாம்பழத்தையும் கரைத்துப் பார்த்தார்கள், காரம் அசையவில்லை. அதற்குள் மாமரக் கிளைகள் ஆடத் தொடங்கின. குரங்குகள் வந்துகொண்டிருந்தன.

“இதை நீ முதல்ல குடிக்கணுமே. குடிச்சா நீ இருக்கமாட்ட,” என்றது கணவன். “வா, போயிருவோம். வேற மரம் பாத்துக்கலாம்.”

“முட்டையை எந்தக் கால்ல தூக்கிட்டுப் போறது?”

கணவன் முட்டைகளின்மேல் இன்னும் அழுந்த அமர்ந்தது.

கடுவன் வந்து பனையடியில் சம்மணமிட்டு அமர்ந்தான். அவனுக்குப் பின்னால் கூட்டம் அமர்ந்தது. குட்டிகள் புதரைப் பார்த்தபடி இருந்தன. அணில் அவனுக்கு ஒரு சிரட்டை நிறைய ஊற்றியது. பெண்குருவிக்கு அதன் பாத்திரமான புன்னைக்காய் ஓட்டில் நிறைய ஊற்றியது.

“குடி, தங்கச்சி. முகத்தைப் பாத்துக்கிட்டே இருப்பேன்,” என்றான் கடுவன்.

பெண்குருவி அலகை உள்ளே விட்டது. முதல் வாயில் நாக்கு எரிந்தது. இரண்டாம் வாயில் தொண்டை எரிந்தது. மூன்றாவதில் கண்ணுக்குப் பின்னால் ஏதோ வெடிப்பது போலிருந்தது. அது கொண்டையைக்கூட அசைக்கவில்லை. கண்ணில் நீர் வராதிருக்க, எதிரேயிருந்த கூட்டையே பார்த்துக்கொண்டு குடித்தது. ஏழாம் வாயில் எரிச்சல் நின்றது. நாக்கு என்று ஒன்று வாயில் இருப்பதே தெரியவில்லை. மீதியைத் தண்ணீர் குடிப்பது போலக் குடித்து, ஓட்டைக் கவிழ்த்து வைத்து, “குடிங்க அண்ணாச்சி,” என்றது.

கடுவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “பாத்தீங்களா? காரமா கலக்கித் தாரேன்னா. கோயில் தீர்த்தம் குடிச்ச மாதிரி குடிக்கா! குருவிச் சரக்கு வேற எப்படி இருக்கும்?”

சொல்லிவிட்டுச் சிரட்டையைத் தூக்கி, ஒரே மடக்கில் பாதியை உள்ளே விட்டான்.

சற்று நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு அவன் வாய் தானாகத் திறந்தது. சிரட்டை கையிலிருந்து நழுவி, மீதியெல்லாம் மண்ணில் சிந்தியது.

“தாத்தா, உங்க காது செவந்திருச்சு!” என்று ஒரு குட்டி மகிழ்ச்சியோடு கத்தியது.

கடுவன் ஒரே பாய்ச்சலில் குளத்தில் விழுந்தான். கூட்டமும் காரணம் அறியாமலே பின்னால் ஓடிக் குளத்தில் விழுந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்று, நாக்கை வெளியே தொங்கவிட்டபடி அவன் கூவினான்: “நா... கவுக்கல... வாக்கு... இல்ல!”

உண்மை அதுதான். அவன் அடிவரை குடிக்கவில்லை. பாத்திரத்தைக் கவிழ்க்கவும் இல்லை. வழக்கப்படி அவனை எதுவும் கட்டாது.

“அவ்வளவு பாடும் வீணாப் போச்சே,” என்று கணவன் வருந்தியது. பெண்குருவி மரத்துப்போன நாக்கை இலையில் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் கடுவனின் உதடு புண்ணாகிவிட்டது. மாம்பழச் சாறு பட்டால் துடித்தான். தலைவன் உண்ணாததை மற்றவர் உண்பது குரங்குக் கூட்டத்தில் முறையன்று. ஆதலால் இரண்டாம் நாளே அவை தளிரிலை தேடி மலைக்குத் திரும்பின. அவனுடைய புண் ஆறுவதற்குள் மாம்பழக் காலம் முடிந்துவிட்டது. காரைப்புதரில் மூன்று முட்டைகளும் பொரிந்து, மூன்று குஞ்சுகளும் இறகு முற்றிப் பறந்தன.

இதனிடையே பெண்குருவி பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். கள் குடித்த அன்று மாலை முதல் மூன்று நாட்கள், அதனால் முட்டையின்மேல் நிலையாக அமர இயலவில்லை. கணவனை அமர்த்திவிட்டு, புதரைச் சுற்றியுள்ள கிளைகளில் ஒன்று மாற்றி ஒன்றாக அமர்ந்து தவித்தது. உள்ளே சென்ற நெருப்பு எவ்வழியே வெளியேறியது என்பதை விரித்துரைத்தல் முறையாகாது. வெளியேறிய இடத்தில் அது தன் நிறத்தை விட்டுச் சென்றது என்று மட்டும் கூறுவோம்.

“ஏட்டி, உன் வாலுக்குக் கீழ என்ன இது, சிவப்பா?” என்றது கணவன்.

“கேக்காதீங்க.”

“குளத்துல முக்கினாப் போயிரும் மதினி,” என்றது அணில். முக்கியும் போகவில்லை.

மறு ஆண்டு வைகாசியில் குரங்குகள் மீண்டும் இறங்கின. கடுவனும் உதடு ஆறி வந்திருந்தான். குட்டிகள் மாம்பழம் தின்று முடித்து நேரே காரைப்புதரை நோக்கி ஓடின. ஓடியவை பாதி வழியில் நின்றன. பெண்குருவி சென்ற ஆண்டு தவித்து அமர்ந்த கிளைகளின் கீழெல்லாம், அது விழுங்கிய விதைகள் மழையில் முளைத்து, புதரைச் சுற்றி இடைவெளியின்றி மிளகாய்ச் செடிகள் நின்றன. செடிகொள்ளாமல் பழம் சிவந்திருந்தது.

ஒரு குட்டி கை நீட்டியது. கடுவன் பாய்ந்து வந்து அதன் கையைத் தட்டினான்.

அவ்வேளையில் பெண்குருவி கூட்டிலிருந்து எழுந்து வந்து, ஒரு செடியின்மேல் அமர்ந்து, நன்கு சிவந்த ஒரு பழத்தைப் பறித்து முழுதாக விழுங்கியது. அன்று மரத்த நாக்கில் அதன்பின் காரம் ஏறவே இல்லை, ஆகவே முகம் சுளிக்கவில்லை. இன்னொன்றையும் விழுங்கியது. அதைத் தொடர்ந்து, அதே நாக்கு வாய்த்த அதன் மூன்று பிள்ளைகளும் வந்து, ஆளுக்கொன்று தின்றன.

“அண்ணாச்சி, ஒண்ணு பறிச்சுத் தரட்டா?” என்றது பெண்குருவி.

கடுவன் குட்டிகளை முன்னே விட்டு, புதரிலிருந்து விலகி நடந்தான். வாக்கு ஒன்றும் அவன் கொடுக்கவில்லை. அவனிடம் வாக்கு வாங்க வேண்டிய தேவையும் குருவிக்கு அதன்பின் ஏற்படவில்லை.

கொண்டைக்குருவியின் வாலடி சிவந்திருப்பதும், மிளகாய்ப் பழத்தை அது கொவ்வைப் பழம் தின்பது போலத் தின்பதும் அன்று முதல்தான். யாரும் விதைக்காத வேலியோரத்தில் மிளகாய்ச் செடி தானே முளைத்துப் பழுத்து நிற்க, குரங்கு அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போவதும் அன்று முதல்தான்.