ஏழு கடலை

விழுப்புரம் பக்கம், உணவுப் பொருள்களைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு ரிஸ்வானாவுக்கு முப்பத்தாறு வயது. சீடர் தேவசகாயத்துக்கு ஐம்பத்தொன்று.

சீடர் இருபத்திரண்டு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவர். பள்ளியை மூடிவிட்டார்கள், இங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது. அத்தனை காலம் கேள்வி கேட்டே பழகியவர் சும்மா இருப்பாரா? காலையில் பையை வைத்ததும் தொடங்கிவிடுவார். எனக்கு அவரை அதற்காகவே பிடிக்கும்.

அன்றைக்கு வாசலில் ஒரு லாரி நின்றது. இருநூறு மூட்டை வேர்க்கடலை. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு உருண்டை பிடிக்கப் போகிற கடலை. பூஞ்சை நஞ்சு இல்லை என்று இவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் லாரி நகரும்.

எல்லா மூட்டையிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்து, மூன்று பையில் கட்டி உள்ளே அனுப்பியிருந்தார்கள். ஒரு பையைக் குரு அரைத்தார். இன்னொன்றைச் சீடர் அரைத்தார்.

குருவின் பையில் நஞ்சு இருந்தது. சீடரின் பையில் இல்லை.

“எதனால மேடம்?” என்றார் சீடர். “ஒரே கடலை. ஒரே ஹோமோஜெனைசர். விடை மட்டும் ரெண்டா வருதே?”

ஹோமோஜெனைசர் என்றால் பயந்துவிட வேண்டாம். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றும் கத்தி, அவ்வளவுதான். தண்ணீர் விட்டுக் கடலையைப் போட்டால் ஒரே விழுதாக்கிவிடும். அதில் எங்கே ஒரு துளி எடுத்தாலும் மொத்தப் பையும் அந்தத் துளியில் இருக்கும்.

“வேகம் பத்தலையோ?”

“பத்தும்.”

“கத்தி மழுங்கியிருக்குமோ?”

“போன வாரம்தான் மாத்தினோம்.”

“உங்க பைக்கு முன்னாடி வேற எதையாவது அரைச்சு, சரியா கழுவாம...” என்று இழுத்தார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பயந்தும் போனார்.

குரு கோபிக்கவில்லை. “நல்ல கேள்வி சார். கழுவிட்டு, வெறும் தண்ணிய ஓட விட்டுப் பார்த்தேன். அதுல ஒண்ணும் இல்ல.”

“அப்போ?”

“மூணாவது பை இருக்கு. நீங்களே அரைங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

சீடர் கடலையைத் தட்டில் கொட்டிப் பரப்பினார். வாய் கேட்டுக்கொண்டே இருந்தது. விரல்கள் தட்டில் மேய்ந்துகொண்டிருந்தன.

“அரைக்கிறப்போ சூடாகுதே, அதுல நஞ்சு அழிஞ்சிடாதா மேடம்?”

“இந்தச் சூட்டுக்கெல்லாம் அழியாது.”

குரு அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நிமிடம் அரைத்தார்கள். வடித்த நீரில் சோதனைப் பட்டையை நனைத்தார்கள். இரண்டு கோடு தெரிந்தால் சுத்தம். ஒரு கோடு மறைந்துவிட்டால் நஞ்சு.

இரண்டு கோடும் பளிச்சென்று வந்தன.

“பார்த்தீங்களா மேடம்!” சீடருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “லாரிய அனுப்பிடலாமா?”

குரு குனிந்து மேசைக்கடியில் இருந்த குப்பைக்கூடைக்குள் கையுறைக் கையை விட்டார். ஏழு கடலை எடுத்தார். சுருங்கிக் கறுத்தவை. இரண்டில் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது.

ஏழையும் விழுதில் போட்டு மறுபடி மூன்று நிமிடம் ஓட்டினார். விழுதின் நிறம் மாறவில்லை. வாசனையும் மாறவில்லை. வடித்து, புதுப் பட்டையை நனைத்தார்.

ஒரு கோடுதான் வந்தது.

சீடர் பட்டையையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அது சொத்தை மேடம். கை தானாப் போயிடுச்சு. வீட்டுல சட்னிக்குக்கூடப் பொறுக்கிட்டுத்தானே போடுவோம்? சொத்தையப் போட்டு யாராவது அரைப்பாங்களா?”

வெளியே லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். குரு போய் சன்னலைத் திறந்துவிட்டார்.

“இங்க பொறுக்கிட்டீங்க சார். அந்த இருநூறு மூட்டையில யாரு பொறுக்கினாங்க?”