‘இனி வேண்டாம்’

கொல்லிமலை அடிவாரத்தில் நிறைமதி அம்மாவின் ஆசிரமம் இருந்தது. ஓட்டு வீடு ஒன்று, அதையொட்டி ஒரு கூடம், அவ்வளவுதான். அம்மாவுக்கு நாற்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். சீடர்களில் வயதில் மூத்தவர் தெய்வநாயகம். கரூரில் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு வீட்டையும் மனைவியையும் விட்டு இங்கே வந்துவிட்டார். வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

வியாழக்கிழமை மாலைகளில் அம்மா பேசுவார். தெய்வநாயகம் அதை எழுதி மறுநாள் காலை ஆசிரமத்தின் வலைப்பூவில் போடுவார். போட்டதும் சந்தாதாரர்கள் எல்லோருக்கும் அது மின்னஞ்சலாகப் போய்விடும். முகவரி கொடுத்தால் யாரும் சேரலாம். விலக நினைப்பவர்களுக்காக மின்னஞ்சலின் அடியில் ‘இனி வேண்டாம்’ என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் பெயர் நீங்கிவிடும்.

ஒருநாள் அவர் அம்மாவிடம் வந்தார்.

“அம்மா, சந்தாதாரர்கள்ல பாதிப் பேர் வருஷக்கணக்கா எதையும் திறந்தே பாக்கலை. சில முகவரிக்கு அனுப்பினா திரும்பி வருது. எடுத்துடலாமா?”

“அவங்களைக் கேட்டீங்களா?”

“கேட்டு எழுதினேன். பதில் இல்லை.”

“அப்ப அவங்களைப் போக விட்டுடுங்க.”

தெய்வநாயகம் லேப்டாப்பின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக நீக்கினார். இதே கூடத்தில் அம்மாவின் காலடியில் அழுதுவிட்டுப் போனவர்கள் அதில் இருந்தார்கள். அவரே ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவர்களும் இருந்தார்கள். விரல் தயங்கவில்லை. தன் மனம் இவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது.

ஒரு பெயரை மட்டும் தாண்டிப் போனார். இந்திராணி. அவர் மனைவி.

இந்திராணி தானாகச் சேரவில்லை. ஆசிரமத்துக்கு வந்த புதிதில் அவர்தான் அவள் முகவரியைச் சேர்த்தார். சில மாதம் கழித்து அவள் ‘இனி வேண்டாம்’ என்பதைத் தொட்டுவிட்டாள். பெயர் காணாமல் போனதைப் பார்த்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாலையில் மறுபடி சேர்த்துவிட்டார். அவள் மறுபடி விலகினாள். அவர் மறுபடி சேர்த்தார். அம்மாவின் வார்த்தை யாருக்கும் நல்லதுதானே என்று சொல்லிக்கொண்டார்.

யார் யார் மின்னஞ்சலைத் திறந்தார்கள் என்று வலைப்பூ காட்டும். வெள்ளிக்கிழமைகளில் அவர் முதலில் பார்ப்பது அந்தப் பெயரைத்தான். திறந்திருந்தால் அன்று தியானம் கூடும். திறக்காவிட்டால் கூடாது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“முடிஞ்சுதா?” என்று கேட்டார் அம்மா.

“முடிஞ்சுதும்மா. போக வேண்டியவங்க எல்லாரும் போயாச்சு.”

அடுத்த வியாழக்கிழமை நண்பகலில் ஆசிரமத்தின் கைபேசி அடித்தது. அம்மாதான் எடுத்தார். தெய்வநாயகம் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “உங்க பேர் என்னம்மா?” என்றார். பதிலைக் கேட்டுவிட்டு, “கொஞ்சம் இருங்க” என்று சொல்லி எழுந்து வந்து தெய்வநாயகத்தின் எதிரே உட்கார்ந்தார்.

“கரூர்ல இருந்து ஒரு அம்மா பேசறாங்க. நம்ம மெயில் வேண்டாம்னு ரெண்டு தடவை விலகினாங்களாம். ரெண்டு தடவையும் யாரோ திரும்பச் சேர்த்துட்டாங்களாம்.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“நான்தான் சேர்த்தேன்.”

“எதுக்கு?”

“அவ என் மனைவி.”

“அது பேரைக் கேட்டதுமே தெரிஞ்சுது. எதுக்குச் சேர்த்தீங்கன்னு கேக்கறேன்.”

“நல்ல வார்த்தை அவளுக்கும் போய்ச் சேரட்டும்னுதான்.”

அம்மா கைபேசியை அவர் பக்கம் நீட்டினார். “இன்னும் லைன்லதான் இருக்காங்க. அதை அவங்ககிட்டச் சொல்லுங்க.”

வீட்டை விட்டு வந்த பிறகு அவர் அவள் குரலைக் கேட்டதில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“இந்திராணி.”

“சொல்லுங்க.”

“நல்லா இருக்கியா?”

“இருக்கேன். அந்த மெயில் எனக்கு வேண்டாங்க.”

“அம்மா பேசறதை நீ ஒரு தடவை பொறுமையா படிச்சீன்னா…”

“படிச்சேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேச்சு அவங்களோடது. எழுத்து உங்களோடதாச்சே. நீங்க எங்க நிறுத்துவீங்க, எங்க மூச்சு வாங்குவீங்கன்னு எனக்குத் தெரியாதா? படிக்கிற வரைக்கும் நீங்க பக்கத்து ரூம்ல இருக்கற மாதிரியே இருக்கு. முடிச்சிட்டுத் தலையைத் தூக்கினா யாரும் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்க திரும்பத் திரும்பக் கிளம்பிப் போறீங்க.”

எதிரே அம்மா தரையைப் பார்த்தபடி இருந்தார்.

“அன்னைக்கு நீங்க கிளம்பினப்ப நான் வாசலை மறிக்கலை,” என்றாள் இந்திராணி. “உங்க அண்ணன் வந்து, நாலு பேரோட போய்க் கூட்டிட்டு வந்துடறேன்னார். வேண்டாம்னுட்டேன். போகணும்னு நினைச்சீங்க, விட்டுட்டேன். இப்ப நான் உங்ககிட்டக் கேக்கறதும் அதைத்தான்.”

அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

“எடுத்துடறேன்,” என்றார்.

“சரிங்க. உடம்பைப் பாத்துக்குங்க.”

அவள் வைத்துவிட்டாள்.

அவர் லேப்டாப்பைத் திறந்தார். அந்தப் பெயரில் விரலை வைத்தார். அது அங்கேயே நின்றது.

“அம்மா, இதையும் எடுத்துட்டா எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒண்ணுமே இருக்காது.”

அம்மா எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

வெளியே மலைக்குப் போகும் பஸ் ஒன்று இரைந்துகொண்டு கடந்தது. அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கியபோது அவர் பெயரை நீக்கினார். நிச்சயமாக நீக்கவா என்று திரை கேட்டது. ஆமாம் என்றார். கீழே இருந்த பெயர் நகர்ந்து அந்த இடத்துக்கு வந்தது. எங்கே இருந்தது என்று தேடினால்கூட இனி தெரியாது.

அவர் அழுதார். நறுக்காத அவரைக்காயை அம்மாவே எடுத்து நறுக்கி அடுப்பில் ஏற்றினார்.

பொழுது சாய்ந்தது. விளக்கேற்றினார்கள். வழக்கம்போல அவர் முகம் கழுவி, தாளும் பேனாவுமாக அம்மாவின் முன் வந்து உட்கார்ந்தார். அம்மா கண்ணை மூடியிருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“அம்மா, இன்னைக்கு இன்னும் பேச்சு தொடங்கலையே. நாளைக்குக் காலையில நிறையப் பேர் எதிர்பார்த்துட்டு இருப்பாங்க. அவங்களுக்கு நான் என்ன எழுதட்டும்?”

அம்மா கண்ணைத் திறந்தார்.

“இந்த வாரத்துப் பேச்சு மத்தியானமே முடிஞ்சுது,” என்றார். “அந்தம்மா பேசிட்டாங்க. அது நீங்க ஒருத்தர் மட்டும் கேக்க வேண்டியது.”