திட்டிவாசல் சின்னாண்டி

“அவன் கதவைத் தொறக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. என் பொண்ணு வாழ்ந்துடுவா.”

பூங்காவனம் கேட்டுவிட்டுக் கை கட்டி நின்றாள்.

இடிந்த கோட்டை வாசலுக்கு எதிரே சாமி உட்கார்ந்திருந்தார். வயதில் அவளைவிடச் சின்னவர். அவர் கையால் திருநீறு வாங்கிச் சிஷ்யையான நாளிலிருந்து அவள் எதுவும் கேட்டதில்லை. இன்றுதான் கேட்கிறாள்.

அந்தக் கோட்டையை எதிரிப் படை ஆண்டுக்கணக்கில் வளைத்துக் கிடந்தது ஊருலகம் அறிந்த கதை. ராஜாவுக்குப் பாட்டு இருக்கிறது. தளபதிக்குக் கோயில் இருக்கிறது. திட்டிவாசலில் காவல் நின்ற சின்னாண்டிக்கு ஒன்றும் இல்லை.

பெரிய கதவுக்குள்ளேயே ஆள் குனிந்து போகிற சின்னக் கதவு ஒன்று இருக்குமே, அதுதான் திட்டிவாசல். அதை அவன்தான் திறந்தான், அந்த வழியாகத்தான் எதிரி நுழைந்தான் என்று ஒரு பேச்சு மட்டும் மிஞ்சியது. அவன் வம்சத்துக்கே ‘கதவு தொறந்தான் வகையறா’ என்று பேராகிவிட்டது.

பூங்காவனம் அந்த வகையறா.

போன மாசம் மகளுக்குத் தாம்பூலம் மாற்ற வந்தவர்கள் அந்தப் பேர் காதில் விழுந்ததும் பாயைவிட்டு எழுந்துவிட்டார்கள். இந்த வீட்டுப் பெண்ணைக் கட்டினால் எங்கள் வீட்டுக் கதவுக்கு யார் காவல் என்று ஒருத்தி சிரித்தாள். அவன் திறக்கவில்லை என்று உங்கள் சாமி சொன்னால் நம்புகிறோம் என்று சொல்லிப் போனார்கள்.

அன்றிலிருந்து அவள் பாட்டுக்காரர்களைக் கேட்டாள், பூசாரிகளைக் கேட்டாள். சின்னாண்டியா, யாரது என்றார்கள்.

சாமி சொன்னார், “நீயே அவன் கதையைச் சொல்லும்மா. ம் கொட்ட இங்க ஆள் இருக்கு.”

உச்சி வெயில். கோட்டை வாசலுக்கு முதுகைக் காட்டி அவள் உட்கார்ந்தாள்.

“சின்னாண்டி காடு கழனி இல்லாதவன். வயித்துக்காக ஈட்டி பிடிச்சான்.”

“ம்.”

“கூடவே பொண்டாட்டியும் கைப்பிள்ளையும் கோட்டைக்குள்ள இருந்தாங்க. அந்தப் பிள்ளை வழி வந்தவங்கதான் நாங்க.”

“ம்.”

“தானியம் தீந்துபோச்சு. கிணறும் வத்திப்போச்சு.”

“ம்.”

“கடைசி நாளு ஈட்டியும் கையுமா வாசல்லயே செத்தான்.”

சத்தம் இல்லை.

இன்னொரு தரம் சொன்னாள். அப்போதும் இல்லை.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “ம் கொட்டுங்க சாமி.”

“நான் எப்பம்மா கொட்டினேன்?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாமி எதிரே இருக்கிறார். ம் வந்ததெல்லாம் முதுகுப் பக்கம், திட்டிவாசல் இருட்டிலிருந்து.

அவள் உடம்பு சில்லிட்டது. எழுந்து ஓடக் கால் பரபரத்தது. மகள் முகம் கண்ணுக்குள் வந்து உட்கார வைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

“தொறந்தான்,” என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

வெகுநேரம் கழித்து வந்தது.

“ம்.”

“எதிரி பொன்னு குடுத்தானா?”

சத்தம் இல்லை.

“சாவுக்குப் பயந்தா?”

சத்தம் இல்லை. அந்த வெயிலிலும் பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது.



“பொண்டாட்டியையும் பிள்ளையையும் வெளிய அனுப்பவா?”

“ம்.”

இந்தத் தடவை அது ஆம்பிளைக் குரல் இல்லை. பால் குடிக்கிற பிள்ளை மாரோடு ஒட்டிக்கொண்டு முனகுமே, அந்தக் குரல்.

பூங்காவனம் திரும்பித் திட்டிவாசலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“சரிம்மா. சம்பந்தக்காரங்க வந்தா, அவன் தொறக்கவே இல்லன்னு சொல்லிடறேன்.”

“வேணாம் சாமி. தொறந்தாருன்னே சொல்லுங்க.”