மடையர் பெண்சாதியின் குன்றிமணி

முன்னொரு காலத்தில், மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் வீரகாலன் என்ற மந்திரவாதி. ஏரித் தண்ணீர் தன் பூந்தோட்டத்துக்கு மட்டும்தான் என்றான் அவன். ஏரி மடையைக் காத்த மாறையன், ஊரார் வாயில் மடையர், கேட்கவில்லை. எல்லார் வயலுக்கும் திறந்துவிட்டார். வீரகாலன் அவரை நாரையாக்கிவிட்டான்.

மாறையனின் மனைவி தினமும் விடிகாலையில் ஏரிக்கரைக்குப் போவாள். நாரை பறந்து வந்து ஓர் அல்லிப்பூவை அவள் காலடியில் போடும். ஒற்றைக்காலில் நின்று அவளையே பார்க்கும். அவள் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வாள்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா? இப்படிப் பனி கொட்டுதே, எங்கே ஒதுங்குறீங்க?" என்பாள். நாரை என்ன பதில் சொல்லும்? மூன்று வருஷம் இப்படியே போனது.

அந்த நாட்டில் ஒரு மண்குடம் இருந்தது. அது வீரகாலனுக்கு முந்தியது. அவன் மந்திரம் அதனிடம் பலிக்காது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வாய் திறந்து ஊரைக் கூப்பிடும்.

"பேரைச் சொல், விதையைப் போடு."

ஆள்பவன் இருக்கட்டும் என்றால் புளியங்கொட்டை. போகட்டும் என்றால் குன்றிமணி. மூடின கைக்குள் எது இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. குன்றிமணி ஒன்றே ஒன்று கூடினாலும் அவன் போக வேண்டும். அவன் போட்ட மந்திரமெல்லாம் அவிழ்ந்துவிடும்.

குடம் கூப்பிட்ட அன்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "ஏன்க்கா இப்படி ஓடுறே? உன் ஒரு மணியிலயா மலை சரியப்போகுது?"

"அடுத்த தடவைக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகும். நாரைக்கு அவ்வளவு ஆயுசு உண்டா? நீயே சொல்லு."

பக்கத்து வீட்டுக்காரி கதவைச் சாத்திவிட்டு தானும் வரிசைக்கு வந்தாள்.

கிழவர்களையும் பிள்ளைக்காரிகளையும் முன்னே விட்டு, மாறையன் மனைவியின் முறை கடைசியாக வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"பேரைச் சொல், விதையைப் போடு."

"மடையர் பெண்சாதி."

"மடையன் பெண்சாதியாம்" என்று குடத்தருகே நின்ற வீரகாலனின் காவலன் சிரித்தான்.

விதை நுழையாதபடி குடம் வாயைக் குறுக்கிக்கொண்டது. "அது அவர் பேர்."

"கரும்பாயி மகள்."

"அது உன் அம்மா பேர்."

"வடக்குத் தெரு மருமகள்."

"அது தெருவோட பேர். உன் பேர் என்ன?"

அவள் யோசித்தாள். வரவில்லை. கூப்பிட ஆளில்லாத பேர் மறந்துபோகும். அதுவும் வீரகாலன் போட்ட மந்திரம்தான். கல்யாணமாகி வந்த ஊரில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் ஒருவர்தான். மடையிலிருந்து திரும்பும்போது, வீடு வரும் வரை பொறுக்காமல், தெருமுனையிலேயே கூப்பிட்டுவிடுவார். அந்தக் குரல் இன்னும் காதில் இருந்தது. குரலுக்குள் இருந்த பேர் மட்டும் இல்லை.

"நகரும்மா, பொழுது போகுது" என்றான் காவலன்.

அவள் தலை குனிந்தாள். தலையிலிருந்த பூ நழுவிக் குடத்தின் விளிம்பில் விழுந்தது. அதையே பார்த்தாள். ஏரியில் தாமரை உண்டு, நெய்தல் உண்டு. மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அவர் வேறு பூ கொண்டுவந்ததில்லையே.

வாயில்லாமலே தினமும் கூப்பிட்டிருக்கிறார். நான்தான் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

"அல்லி" என்றாள். "என் பேர் அல்லி."

குடம் வாய் திறந்தது. குன்றிமணி உள்ளே விழுந்த சத்தம் வரிசை முழுக்கக் கேட்டது. பொழுதும் இறங்கியது.

"புளியங்கொட்டை முன்னூறு. குன்றிமணி முன்னூற்றொன்று" என்றது குடம். "நாளைக்கும் வாங்க. இனி யார் ஆளணும்னு உங்களைத்தான் கேட்கணும்."

வீரகாலன் புகையாகி மலை தாண்டிப் போனான். அல்லி அதைப் பார்க்க நிற்கவில்லை, ஏரிக்கு ஓடினாள். பாதி வழிகூடப் போகவில்லை, தெருமுனையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அல்லி."

 இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று அவள் அப்படியே நின்றாள்.

கூப்பிட்டார். மறுநாள் மடை திறந்தது. கடைசி வயல் வரைக்கும் தண்ணீர் போனது.