ஹாரனை ஊமையாக்கிய களவாணி

அரிசி மில் முதலாளி ஆவுடையப்பனுக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம். அவருடைய புதுக் காரில் வெள்ளிக்கிழமை ஆனால் ஹாரன் ஃபியூஸ் போய்விடும். டிரைவர் பலவேசத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நீதாம்லே கெடுக்கே! இல்லேன்னா கெடுக்கவனைக் காட்டு. காட்டலைன்னா வேலைய விட்டுப் போ."

"காட்டுதேன் மொதலாளி. புது ஃபியூஸ் போட்டு, வாடின திருஷ்டிப் பழத்தையும் எடுத்தாச்சு. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். வேற ஒருத்தரும் வண்டியத் தொடக்கூடாது."

முதலாளி ஷெட்டைப் பூட்டித் தானே காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் ஹாரன் கணீரென்று அடித்தது. வழக்கம்போல் முதலாளி தன் கையாலேயே வண்டி முன்பக்கக் கிரில்லில் திருஷ்டிக்குப் புது எலுமிச்சம்பழம் கட்டிவிட்டு மறுபடி அமுக்கினார். சத்தமே இல்லை.

"எவம்லே தொட்டது?"

பலவேசம் முன்பக்கம் குனிந்தான். பழம் கோத்த இரும்புக் கம்பியின் நுனி ஹாரன் ஒயரைக் குத்தி, ஷார்ட் ஆக்கி ஃபியூஸைப் போக்கியிருந்தது. உருவிக் காட்டினான்.

"களவாணி இவன்தான் மொதலாளி. வாராவாரம் உள்ள கூட்டிட்டு வந்தது மட்டும் நீங்க."