வாய் திறக்காத ஐம்பத்தொன்பது பேர்

முன்னொரு காலத்தில் கருமலைச் சீமையை வசந்தராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை, நடுவில் சீமை தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஒரு தை மாசம் அவனுக்கு அரண்மனைக்குள் தாமரைத் தடாகம் வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஈச்சங்குளம் என்ற ஊருக்குப் போகும் வாய்க்காலின் மடையை அடைத்துத் தண்ணீரைத் திருப்பினார்கள். இங்கே தாமரை பூத்தது. அங்கே கிணறு வற்றிச் சேறானது. சேற்றைக் குடித்த ஊரில் பேதி வந்தது. ஊரார் மூன்று முறை வந்து அழுதார்கள். மூன்றாம் முறை ராஜா கொஞ்சம் இளகி, மடையைத் திறக்கச் சொல்ல வாயெடுத்தான்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஒரு வெள்ளைக்கார வியாபாரி சபைக்குள் வரவேண்டும்?

"மகாராஜா, எங்கள் தேசத்தில் 'போல்' என்று ஒரு சொல் உண்டு. தலைக்கு அதுதான் பெயர். தலைகளை எண்ணுவதற்கும் அதுதான். ஒவ்வொரு தலையும் என்ன நினைக்கிறது என்று கேட்பதற்கும், வாக்கு வாங்குவதற்கும் அதுவேதான். மரத்தின் தலையை வெட்டினாலும் அப்படித்தான் சொல்வோம்."

"ஒரு சொல்லுக்கு இத்தனை வேலையா!" என்று பூரித்து, ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தான்.

அரசாங்க ஓலைகளை எழுதும் ராயசம் வரதப்பனுக்கு வயிறு எரிந்தது. "சொன்னவனுக்கே மாலை என்றால் செய்து காட்டுகிறவனுக்கு என்ன தருவீர்கள், மகாராஜா? மடையைத் திறப்பதா வேண்டாமா என்று ஈச்சங்குளத்துக்காரர்களையே கேட்டுவிடுகிறேன். குடத்தில் ஓலை போடுவது நம் முன்னோர் வழக்கம்தானே?"

"பலே! போய்க் கேட்டுவாரும்!"

ராயசம் ஊர்நடுவில் குடத்தை வைத்தான். "மடை திறக்கவேண்டும் என்பவர்கள் ஓலை போடுங்கள். போடாதவர்கள் அடைப்புக்கு இசைந்தவர்கள். மௌனம் சம்மதம்." பழைய சுவடியின்படி ஊரில் தொண்ணூறு தலை. குடத்தில் விழுந்ததோ முப்பத்தொரு ஓலை. "ஐம்பத்தொன்பது பேர் சம்மதம்!" என்று ஓடிவந்து சொன்னான். வருகிற வெள்ளிக்கிழமை மடையைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஒரேயடியாகப் பூசிவிடப்போவதாகத் தண்டோரா போட்டார்கள்.

அதைக் கேட்டுத்தான் ஈச்சங்குளத்து மயானம் காக்கும் சடையன் கிளம்பினான். வீட்டில் பெண்சாதி வீராயி பேதியில் கிடந்தாள். அவளும் ஓலை போட்டவள்தான், இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கப் போட்டாள். நல்ல தண்ணீர் கிடைத்தால் பிழைப்பாள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அழுதவர்களுக்கு ராஜாவிடம் என்ன கிடைத்தது என்று சடையனுக்குத் தெரியும். அதனால் சிரித்த முகத்தோடு சபைக்குப் போய்க் கும்பிட்டான்.

"ராசா, ஓலை போடாத அம்பத்தொம்பது பேரையும் எனக்கு நல்லாத் தெரியும் சாமி."

ராயசம் பதறினான். "யாராவது மறுத்துப் பேசினார்களா?"

"ஒருத்தரும் வாயே தொறக்கலீங்க. நான் ஒவ்வொருத்தரையா தொட்டுப் பாத்துட்டுத்தான் வாரேன்."

"கேட்டீர்களா மகாராஜா! சாட்சியே வந்துவிட்டது."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "இப்படியும் அடக்கமான குடிகளா! நாளைக்கே அவர்களை விருந்துக்குக் கூட்டிவா."

"அவங்க எந்திரிச்சு வரமாட்டாங்க சாமி. ராசாதான் வரணும். இன்னிக்கே வந்தீங்கன்னா ரொம்பப் புண்ணியம்."

ராஜா இன்றைக்கே கிளம்புவானா? ஜோசியர் நாள் பார்த்தார். பல்லக்குக்குப் புதுத் திரை தைத்தார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆகிவிட்டது. மடைக்குப் போகவேண்டிய கொத்தனார்களையும் ஊர்வலத்துக்குப் பந்தல் போட இழுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு நல்லது நடந்தது.

சடையன் பல்லக்கை ஊருக்குள் விடவில்லை. நேரே மயானத்துக்கு நடத்திப்போனான். "ராயசம் ஐயா, சுவடியில இருக்கிற பேரைப் படிங்க. நான் ஆளைக் காட்டுறேன்."

"பேச்சிமுத்து," என்று ராயசம் படித்தான்.

"இந்தா இருக்காரு." சடையன் ஒரு மண்மேட்டைக் காட்டினான்.

"உடையாள்."

"இது. பக்கத்துல சின்னது அவ மகன்."

பத்தாவது பெயரில் ராயசம் சுவடியை மூடினான். ராஜா பல்லக்கை விட்டு இறங்கிவிட்டான். ஐம்பத்தொன்பதும் புது மேடு. புல் முளைக்கக்கூட ஈரமில்லாத மேடு.

"உயிரோடு இருந்திருந்தால் இவர்களும் சம்மதித்திருப்பார்கள்," என்று ராயசம் முனகினான்.

"அப்ப இன்னும் ஒரே ஒரு வாக்கு எடுத்துருவோம் சாமி," என்றான் சடையன். "ராயசம் ஐயா எங்க ஊருல ஒரு வருசம் குடியிருந்து எங்க கெணத்துத் தண்ணியக் குடிக்கட்டும். வேண்டாங்கிறவங்க ஓலை போடுங்க."

கூட வந்த சபையார் நாற்பது பேர். ராஜாவின் முகம் சிவந்திருந்ததைப் பார்த்தார்கள். ஒருவரும் கையை நீட்டவில்லை. ராயசம் மட்டும் ஓர் ஓலையைப் போட்டுவிட்டு, நேற்றுவரை தன் வீட்டில் சாப்பிட்டவர்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தான்.

"உம்முடைய சட்டப்படியே தீர்ப்பு, வரதப்பரே," என்றான் ராஜா. "இங்கேயே இரும்." மடையின் அடைப்பை உடைக்க அங்கிருந்தே ஆள் அனுப்பினான். சடையனின் புத்தி அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தங்கக் காப்பைக் கழற்றி அவன் கையில் போட்டான். சபையார் இப்போது மட்டும் வாய் நிறைய வாழ்த்தினார்கள்.

தண்ணீர் மூன்றாம் நாள் காலையில் வந்தது. சடையன் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடி, மொண்டுகொண்டு திரும்பி வருவதற்குள் வீராயி போய்விட்டாள். வாய்க்கால் மயானத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. மத்தியானத்துக்குள் அங்கே தரை ஊறிவிட்டது. ஐம்பத்தொன்பது குழிக்கும் கடப்பாரை போட்டவனுக்கு அன்றைக்கு மண்வெட்டியே போதுமாக இருந்தது. வேலை சீக்கிரமே முடிந்தது. முடிந்த பிறகுதான் அவன் உட்கார்ந்து அழுதான்.