எந்தக் கொக்கி திறக்கும்

"எதை வாங்கட்டும், அம்மணி?" என்று கேட்டார் சென்னியப்பன்.

நசீமா மேசை மேல் மூன்று சாமான்களை வைத்தாள். ஒரு பித்தளைப் பூட்டு. நுனி வளைந்த மெல்லிய எஃகுக் கொக்கி ஒன்று. ஓரத்தில் மடித்த சின்னத் தகடு ஒன்று.

"இது போதுங்கண்ணா."

"இது இருக்கட்டுமுங்க. நல்லதா எதை வாங்கறதுன்னு கேட்டேன்."

நசீமா சிரித்தாள்.

கோயம்புத்தூரில் ஒரு பேக்கரியின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர்கள் கூடுவார்கள். பூட்டைச் சாவி இல்லாமல் திறப்பது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. சிலர் சதுரங்கம் ஆடுவதைப் போல, சிலர் குறுக்கெழுத்து போடுவதைப் போல. கீழேயிருந்து தேங்காய் பன் வேகும் வாசனை வந்துகொண்டே இருக்கும்.

நசீமா ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். முப்பத்தைந்து வயது இருக்கும். கூட்டத்தை ஆரம்பித்தவள் அவள்தான். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் இரண்டு விஷயம் சொல்லிவிடுவாள். பிறருடைய பூட்டைத் தொடக் கூடாது. சொந்தப் பூட்டே ஆனாலும், அது ஒரு கதவையோ பெட்டியையோ காத்துக்கொண்டிருந்தால் தொடக் கூடாது. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது.

சென்னியப்பனுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. நூல் வியாபாரி. கடையை மகள் கயல்விழியிடம் ஒப்படைத்துவிட்டார்.

ஒப்படைத்த பிறகும் தினமும் காலையில் போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவள் போனில் பேசினால் இவர் கையை ஆட்டினார். அவள் விலை சொல்ல வாயைத் திறந்தால் இவர் தொண்டையைக் கனைத்தார்.

ஒரு நாள் கயல்விழி, அப்பா, கொஞ்ச நாள் வீட்டில் இருங்களேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு அத்தனை வலித்திருக்காது.

வீட்டில் இருந்தார். ஆர்மோனியம் வாங்கினார். பிறகு ஒரு டெலஸ்கோப். பிறகு படம் வரைகிற பலகை. எல்லாமே உயர்ந்த ரகம். எல்லாமே இப்போது மாடி அறையில் உறைக்குள் கிடந்தன.

இந்தப் பூட்டு திறப்பதும் வரவில்லை என்றால் தன் கைக்கு இனிமேல் எதுவும் வராது என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை கருவி விஷயத்தில் தப்பு நடக்கக் கூடாது என்று நினைத்தார்.

நசீமா அவருக்குச் செய்து காட்டினாள். பூட்டுக்குள் சின்னச் சின்னப் பித்தளைக் குச்சிகள் வரிசையாக நிற்கும். சாவித் துவாரத்தின் ஓரத்தில் தகட்டைச் செருகி, சாவியைத் திருப்புவது போல இடது கையால் திருப்பிப் பிடிக்க வேண்டும். வலது கையால் கொக்கியை உள்ளே விட்டு, குச்சிகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். எல்லாம் தூக்கியாகிவிட்டால் தகடு தானாகத் திரும்பும். பூட்டு திறந்துகொள்ளும்.

பேச்சுக்கு நடுவிலேயே அவள் கையில் பூட்டு திறந்தது.

"தகட்டை லேசாப் பிடிங்கண்ணா," என்றாள்.

அவர் தலையாட்டினார். அவர் கண் கொக்கியிலேயே இருந்தது.

அன்று பூட்டு திறக்கவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவி தெய்வானையிடம் எல்லாம் சொன்னார். அந்தத் தகட்டை அங்கே எல்லோரும் டென்ஷன் என்றுதான் சொல்கிறார்கள், கொக்கியோடு டென்ஷனும் நல்லதாக வாங்க வேண்டும் என்றார். வீட்டிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறதே, அதையும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று தெய்வானை கேட்டாள்.

அவர் காதில் விழவில்லை. போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தோல் பெட்டியோடு மாடி ஏறினார். மேசையில் வைத்து விரித்தார். கல்யாணத்தில் சீர்த்தட்டு பரப்புவது போல இருந்தது. கட்டைக் கொக்கி, நெட்டைக் கொக்கி, வைரம் போல நுனி வெட்டியது, பாம்பு போல நெளிந்தது, ரம்பம் போல பல் வைத்தது. மரப்பிடி போட்டவை தனி வரிசை. டென்ஷன் தகடுகள் மட்டுமே ஒரு மடிப்பு முழுக்க இருந்தன.

கூட்டத்தில் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

நசீமாவும் பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எஃகு நல்ல எஃகு, நுனியை அழகாக மழுங்கத் தேய்த்திருக்கிறார்கள் என்று மனசாரப் பாராட்டினாள். ஆரம்பிக்கிறவர்களுக்கு இரண்டு கொக்கி, நெளிந்தது ஒன்று, தடிமன் மாற்றி இரண்டு மூன்று தகடு இருந்தால் நிறைய நாள் ஓடும் என்றும் சொன்னாள். மற்றதைக் கை கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாமாம்.

"கை கேக்கறதுக்குள்ள சரக்கு தீந்துருமுங்க," என்றார் சென்னியப்பன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பூட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் கட்டைக் கொக்கியில் ஆரம்பித்தார். அது சரியில்லை. நெட்டைக் கொக்கியை எடுத்தார். அதுவும் சரியில்லை. வைர நுனி, பாம்பு, ரம்பம் என்று வரிசை முடிந்தது. மரப்பிடி வரிசைக்குப் போனார். மத்தியானம் ஆனது.

பூட்டு அப்படியே இருந்தது.

அந்த வாரம் பயிற்சிப் பூட்டு ஒன்றை வரவழைத்தார். கண்ணாடி போல உள்ளே இருப்பது தெரிகிற பூட்டு. நாள் முழுக்க முட்டி மோதி, சாயங்காலம் அதைத் திறந்துவிட்டார். பெருமையோடு ஹாலுக்கு வந்து தெய்வானையிடம் காட்டினார். எப்படி என்று கேட்டு அவள் கையில் வாங்கினாள். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை அதிலிருந்து எடுக்காமலே தகட்டைச் செருகி, கொக்கியை விட்டு நிமிண்டினாள்.

விளம்பரம் வருவதற்குள் பூட்டு திறந்துவிட்டது.

"இது தொளதொளன்னு இருக்கற பூட்டு," என்றார் சென்னியப்பன்.

"அப்படித்தான் இருக்குமாட்ட இருக்குது," என்று சொல்லிவிட்டு அவள் சீரியலைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பித்தளைப் பூட்டு. மறுபடியும் கட்டைக் கொக்கி. இந்தத் தடவை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்.

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

சென்னியப்பன் முகம் மலர்ந்து நிமிர்ந்தார். சுற்றி இருந்தவர்களும் திரும்பினார்கள். கொக்கியை வெளியே இழுத்தார். நுனி இல்லை. அது ஒடிந்து பூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

நசீமா ஒரு மெல்லிய இடுக்கியால் நுனியை வெளியே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மட்டமான எஃகுங்க," என்றார் அவர். "பாக்கத்தான் பளபளப்பு. இன்னும் ஒசத்தியா ஒண்ணு இருக்குதுங்களாம். வரவழைச்சுரலாமா?"

"முதல்ல டீ குடிக்கலாங்கண்ணா."

கீழேயிருந்து பேப்பர் கப்பில் டீ வந்தது. சென்னியப்பன் இடது கையில் டீயைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலோரம் போய் மகளுக்குப் போன் போட்டார். ஒவ்வொரு டீ வேளைக்கும் போடுகிற போன்தான்.

கரூருக்கு லோடு போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றாள் கயல்விழி. தார்ப்பாய் போட்டார்களா என்று கேட்டார். போட்டார்கள் என்றாள். கயிறு கட்டியதை நீயே பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் அப்பா, படம் அனுப்பட்டுமா என்றாள்.

"அனுப்பு," என்றார்.

கப் நசுங்கி டீ அவர் கையெல்லாம் வழிந்தது. சூடு உறைத்த பிறகுதான் கவனித்தார்.

நசீமா ஒரு துண்டை நீட்டினாள். யாருங்கண்ணா போனில் என்று விசாரித்தாள். மகள்தான், கடையை இப்போது அவளேதான் பார்த்துக்கொள்கிறாள், நான் சும்மா ஒரு துணைக்கு என்று அவர் சொன்னார்.

அவள் அவர் இடது கையைப் பார்த்தாள். சுட்ட இடம் சிவந்திருந்தது.

"கை எரியுதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"அப்ப வாங்க. இந்தத் தடவை ரெண்டு பேருஞ் சேர்ந்து பாக்கலாம். டென்ஷன் நீங்க பிடிங்க. கொக்கி நான் பாத்துக்கறேன்."

சென்னியப்பனுக்குச் சந்தோஷமாகிவிட்டது. தன் பெட்டிக் கொக்கி இன்றைக்குத்தான் ஒரு நல்ல கைக்குப் போகிறது என்று நினைத்தார். மரப்பிடி வரிசையிலிருந்து ஆக நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து நீட்டினார்.

மேசைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நசீமா. நடுவில், ஒரு சின்னப் பிடிமானத்தில் இறுக்கிய பூட்டு. அவர் தகட்டைச் செருகித் திருப்பிப் பிடித்தார். அவள் கொக்கியை உள்ளே விட்டாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். அது அவள் பேசிக்கொண்டே திறக்கிற பூட்டு.

திறக்கவில்லை.

அவள் கொக்கியை வெளியே எடுத்து, மறுபடியும் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். திறக்கவில்லை.

"வேற தரட்டுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"குடுங்க."

வைர நுனியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். வரவில்லை. பாம்பைக் கொடுத்தார். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். வரவில்லை. ரம்பம், நெட்டை, அதற்கு அடுத்தது. அவர் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாங்கி வாங்கி முயன்று பார்த்தாள். நெற்றியில் வேர்வை கட்டியது. மற்ற மேசைக்காரர்கள் தங்கள் பூட்டுகளை வைத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். சென்னியப்பனின் விரல் நகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை. டீச்சருக்கு உதவி செய்கிற நேரத்தில் விடலாமா?

தோல் பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. அவள் பக்கத்தில் கொக்கிகள் குவிந்தன.

கடைசியில் முதலில் கொடுத்த மரப்பிடியே அவள் கையில் இருந்தது. அதை உள்ளே விட்டு, ஒரு குச்சிக்கு அடியில் நிறுத்தினாள். அப்படியே அசையாமல் இருந்தாள்.

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"உங்களுக்கே வரலீங்களா, அம்மணி?"

"வரலீங்கண்ணா," என்றாள் நசீமா.

ஒளிக்காமல், சாதாரணமாகச் சொன்னாள். மழை வரவில்லை என்று சொல்வது போல.

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாகத்தான் வந்தது. அடக்கப் பார்த்தார். இத்தனை பேர், இத்தனை பெரிய பெட்டி, இத்தனை படித்த பெண், உள்ளங்கை அளவு ஒரு பூட்டு. சிரிப்பு வயிற்றுக்கு இறங்கியது. தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. கடைக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து அவர் இப்படிச் சிரித்ததில்லை. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் உடம்பு முழுக்கத் தளர்ந்து, நாற்காலியில் சாய்ந்தது. இடது கை விரல் மட்டும் தகட்டின் மேல் சும்மா கிடந்தது.

பூட்டுக்குள் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது.

தகடு அவர் விரலுக்கு அடியில் தானாகத் திரும்பியது. பூட்டின் வளையம் மேலே எழும்பியது.

சிரிப்பு நின்றது.

நசீமா கையை அசைத்திருக்கவில்லை. அதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"எந்தக் கொக்கிங்கண்ணா திறந்துச்சு?" என்று கேட்டாள்.

சென்னியப்பன் கொக்கிக் குவியலைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். தகட்டின் விளிம்பு அழுந்திய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அது மெதுவாக மேடேறி, நிறம் திரும்பிக்கொண்டிருந்தது.

பூட்டின் வளையத்தை அமுக்கி, மறுபடியும் பூட்டினார்.

"உங்க டீ ஆறுதுங்க அம்மணி," என்றார். "போய்க் குடிங்க."